பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

எனக்கு வாய் நீளம். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் என் காதில் ஒரு விஷயம் விழுந்தால், பதினோரு மணி டீ வருவதற்குள் அது மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கொண்டுபோனது யார் என்று யாரும் விசாரிக்கக்கூட மாட்டார்கள். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு தடவை வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். அது என் அண்ணியின் கதையில் வருகிறது.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. நான் வேலை பார்க்கிற அதே பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பத்தொன்பது வருடமாக வாலிபால் அணியை நடத்துகிறாள். பிள்ளைகள் வைத்த பெயர் விசில் டீச்சர். பொருத்தமான பெயர்தான். குளித்துவிட்டு வந்ததும் தலையைத் துவட்டுவதற்கு முன்னால் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொள்வாள். அண்ணன் செருப்போடு உள்ளே வந்தால் ஊதுவாள். நான் போனில் அதிக நேரம் பேசினாலும் ஊதுவாள். அண்ணன் பேருந்துப் பணிமனையில் ஃபிட்டர், நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் கிடந்துவிட்டு வருகிற மனிதர். "வீட்லயும் எனக்கு ஹாரனா?" என்று முனகிக்கொண்டே செருப்பைக் கழற்றப் போவார்.

அண்ணிக்கு ஆண்டவர் பக்கத்து அறையில் இருக்கிற ஆள் மாதிரி. பேசிக்கொண்டே இருப்பாள். வலை கட்டும்போது பேசுவாள், பந்துக்குக் காற்றடிக்கும்போது பேசுவாள், மழை வருமா என்று அவரிடம்தான் கேட்பாள். நான் அந்த ரகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எனக்குக் கடைசி பெஞ்சு. பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே கைப்பை எங்கே என்று கண் தேட ஆரம்பித்துவிடும்.

அவள் பள்ளியில் ஆடிய காலத்தில் ஒரு ஆட்டம். இவர்கள் அணி வட்டமாக நின்று, ஜெயிக்க வையுங்கள் ஆண்டவரே என்று உருகி உருகி ஜெபித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், வலைக்கு அந்தப் பக்கம் அவர்களும் வட்டமாக நின்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார்களாம். "அவரை இப்படி இக்கட்டுல மாட்டிவிட்டோமேன்னு எனக்கு ஒரே வெட்கமாப் போச்சு" என்பாள். அன்றிலிருந்து வெற்றி கேட்டு அவள் ஜெபித்ததே இல்லை. தன் பிள்ளைகளையும் கேட்க விட்டதில்லை.

அதற்குப் பதிலாக அவள் கொண்டுவந்ததுதான் சீட்டு. ஆட்டத்துக்கு முன்னால் எதிரணியின் பெயர்ப் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் குலுக்குவாள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். டாஸ் போட்டுக் கை குலுக்கும்போது, சீட்டில் இருக்கிற பெண்ணைத் தேடிப்பிடித்து, "உனக்காக என்ன ஜெபிக்கட்டும்?" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு வந்துவிடலாம். ஏதாவது சொன்னால், ஓரமாக நின்று கண்ணை மூடி அதை ஆண்டவரிடம் சொல்ல வேண்டும். அவரிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும். "அவ சொன்னது உன் காதுல நுழைஞ்சு நேரா மேல போயிடணும். வழியில சிந்தக் கூடாது." அணியில் சேர்கிற எல்லாப் பெண்ணுக்கும் அண்ணி சொல்கிற முதல் சட்டம் இது. பந்தைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.

சில பெண்கள் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொல்வார்கள். "எங்க மாஸ்டர் இன்னிக்குத் திட்டாம இருக்கணும்." "கெமிஸ்ட்ரில பாஸாகணும்." ஒருத்தி, "நீங்க தோக்கணும்னு ஜெபம் பண்ணு பார்ப்போம்" என்றாள். எங்கள் பெண் மூச்சுவிடாமல் கண்ணை மூடிக்கொண்டாள். அன்று நாங்கள் தோற்றோம். நான் அலுவலகத்தில் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அண்ணி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "பலமான ஜெபம்டி உன்னோடது" என்று முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

இப்படியே பத்தொன்பது வருடம் போனது. தலைமையாசிரியை அறை அலமாரியில் இரண்டாம் பரிசுக் கேடயம் ஏழு இருக்கிறது. அவற்றுக்கு நடுவில் கோப்பைக்கு என்று ஒரு இடம் விட்டு வைத்திருந்தோம். அந்த வெற்றிடத்தைத் தூசி தட்டித் துடைப்பது என் வேலை. வயிற்றெரிச்சல்!

அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒரே மகள். பதினேழு வயதாகியும் அவள் எங்களுக்குப் பாப்பாதான். தலையில் அடித்துக்கொண்டு, "எல்லார் முன்னாடியும் பாப்பான்னு கூப்பிடாதீங்க அத்தை" என்று கெஞ்சுவாள். அணிக்குக் கேப்டன். செட்டர், அதாவது அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவள். கையில் அப்படி ஒரு நிதானம். மதிப்பெண்ணில் மட்டும் அந்த நிதானம் கிடையாது. அந்தப் பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்க மாட்டோம். அவளுடைய கடைசி வருடத்தில் ஒரு கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. கோப்பை வாங்குகிற அணியின் கேப்டனுக்கு விளையாட்டுப் பிரிவில் ஓர் இடம் உண்டு, இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஆள் வருவார் என்று எழுதியிருந்தார்கள். பாப்பா அந்தக் கடிதத்தை நாலாக மடித்துத் தன் ஷூவுக்குள் வைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனாள். கால் கடிக்காதா என்று கேட்டேன். "கடிக்கட்டும் அத்தை, அப்பத்தான் ஞாபகம் இருக்கும்" என்றாள்.

இறுதி ஆட்டத்துக்கு வந்தது அண்ணியின் அணியைப் பல தடவை தோற்கடித்த அணி. அவர்களுடைய பயிற்சியாளர் எப்போதும் தொப்பியோடு இருப்பார், அதனால் தொப்பி மாஸ்டர். அவர்களுடைய பலமெல்லாம் ஒரே ஒரு பெண். நல்ல உயரம். எங்கள் பிள்ளைகள் அவளுக்கு ஏணி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் வலைக்கு மேலே எழும்பி அடித்தால் பந்து தரையில் விழுந்த பிறகுதான் நமக்குச் சத்தம் கேட்கும்.

அன்று காலை சீட்டுக் குலுக்கியதில் ஏணியின் பெயர் பாப்பாவுக்கு வந்தது.

கை குலுக்கும்போது அவர்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். ஸ்கோர் எழுதும் மேசையில் இரண்டு பள்ளியிலிருந்தும் ஆளுக்கொருவர் உட்காருவது வழக்கம், எங்கள் பள்ளிக்கு நான். பாப்பா திரும்பி வந்து, வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் கண்ணை மூடி நின்றாள். சுத்தமான மனத்தோடுதான் நின்றாள். இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். அவள் முகம் எனக்குத் தெரியாதா?

முதல் செட் எங்கள் கையை விட்டுப் போயிற்று. இரண்டாவது செட்டும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டுக்குப் பதினேழு. மூன்று செட்டில் இரண்டு எடுத்தால் கோப்பை, அதனால் இதுவும் போனால் ஆட்டம் முடிந்தது. எதிரே நாற்காலியில் கல்லூரி ஆள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம், யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அப்போது சர்வீஸ் பட்டாணிக்கு வந்தது. அணியிலேயே சின்னவள், அதனால் பட்டாணி. பந்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போகும்போது பாப்பா அவள் காதில் ஏதோ சொன்னாள். பட்டாணி வழக்கமாகப் பலமாகப் போடுவாள். இந்தத் தடவை மெதுவாக, வலையைத் தாண்டியதும் விழுகிற மாதிரி, ஏணிக்கு நேர் முன்னால் போட்டாள். ஏணி குனிந்து ஓடி வந்தாள், எட்டவில்லை. அடுத்ததும் அதே இடம். அதுவும் எட்டவில்லை. பிறகு வந்த பந்தைப் பாப்பா தூக்கிக் கொடுக்கிற மாதிரி பாவனை காட்டி, விரல் நுனியால் அதே இடத்தில் நழுவ விட்டாள். வலைக்கு மேலே மலை மாதிரி நின்ற பெண்ணுக்குக் காலடியில் விழுகிற பந்தை எடுக்க முடியவில்லை.

அண்ணி பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டாள். "அப்படித்தான்! முன்னாடி போடு! முன்னாடியே போடு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். நானும் கத்தியிருப்பேன், மேசையில் இருப்பவர்கள் கத்தக் கூடாது. பேனாவைப் பல்லால் கடித்துக்கொண்டேன். பதினேழுக்குப் பதினேழு. தொப்பி மாஸ்டர் ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி நேரம் கேட்டார்.

பிள்ளைகள் அண்ணியைச் சுற்றி நின்றார்கள். பட்டாணி அண்ணியின் சட்டைக் கையை இழுத்து ஏதோ சொன்னாள். அண்ணி பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நடுவர் விசில் ஊதினார், பிள்ளைகள் உள்ளே போனார்கள், அண்ணி பெஞ்சில் உட்கார்ந்தாள். பட்டாணி திரும்பிப் பார்த்தாள். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. பட்டாணி மறுபடியும் அதே இடத்தில் போட்டாள். ஏணி பாய்ந்தாள், இடது கால் மடங்கியது, பக்கவாட்டில் விழுந்தாள். பதினெட்டு. நான் பதினெட்டு என்று எழுதினேன், சந்தோஷமாகத்தான் எழுதினேன்.

நிமிர்ந்து பார்த்தால் அண்ணி நேரம் கேட்டுவிட்டுக் கம்பத்தைச் சுற்றி அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். எதிரணியின் பெஞ்சுக்குப் போகக் கூடாது. நடுவர் ஊதினார், மஞ்சள் அட்டை காட்டினார். பத்தொன்பது வருடத்தில் அண்ணி வாங்கிய முதல் மஞ்சள் அட்டை. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மாஸ்டர், உங்க பொண்ணுக்கு இடது முட்டி சரியில்ல. பாருங்க" என்றாள்.

"என்ன டீச்சர், இது புது ட்ரிக்கா? எங்க நல்ல ஆளை நாங்களே வெளிய எடுக்கணும்கிறீங்களா?"

"எடுக்கறதும் எடுக்காததும் உங்க இஷ்டம். அந்த உறையைக் கழட்டிப் பாருங்க, அது போதும்."

ஏணி வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தொப்பி மாஸ்டர் குனிந்து முழங்கால் உறையைக் கீழே இறக்கினார். இறக்கியதும் தன் தொப்பியைக் கழற்றிவிட்டார். மேசையிலிருந்தே எனக்குத் தெரிந்தது, அவ்வளவு வீக்கம். அவளைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோனார்கள். கூட்டத்தில் எவனோ ஒருத்தன், "ஜெபம் பண்ணியே ஆளைத் தூக்கிட்டாங்கப்பா!" என்று கத்த, நாலு பேர் சிரித்தார்கள். ஏணி போகிற வழியில் பாப்பாவுக்கு முன்னால் நின்றாள்.

"உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றாள்.

அதோடு விட்டாளா அண்ணி? மேசைப் பக்கம் வந்து இரண்டு கையையும் சுழற்றிக் காட்டினாள். ஆள் மாற்று. நாலாம் நம்பர் வெளியே. நாலாம் நம்பர் பாப்பா. அவர்களுடைய ஏணி போயாயிற்று, ஸ்கோரில் நாங்கள் முன்னால் இருக்கிறோம், இன்னும் ஏழே புள்ளி, இந்த மனுஷி என்ன செய்கிறாள்?

"அண்ணி, உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"எழுதும்மா."

"காலேஜ்ல இருந்து ஆள் உட்கார்ந்திருக்கார் அண்ணி."

"தெரியும். எழுது."

எழுதினேன். கோபத்தில் அழுத்தியதில் அந்த நாலு ஒன்பது மாதிரி விழுந்தது. பாப்பா பெஞ்சுக்கு வந்து, அம்மாவுக்கு எதிர்க் கடைசியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் இடத்தில் போனவள் அதுவரை இரண்டு ஆட்டம்கூட முழுதாக ஆடாதவள். பாவம், அவளும் உயிரைக் கொடுத்துத்தான் ஆடினாள். இருபத்து மூன்றுக்கு இருபத்தைந்தில் தோற்றோம். கல்லூரி ஆள் எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டு போனார். அந்த இடம் போனது போனதுதான், பிறகு எந்தக் கடிதமும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாப்பா வெடித்தாள். "அவ முட்டியை நானா உடைச்சேன்? பந்தை எங்க போட்டா எடுக்க முடியாதோ அங்க போட்டேன். எதிராளிக்கு எது வராதுன்னு பார்த்து ஆடுன்னு நீங்கதான சொல்லித் தந்தீங்க?"

"கண்ணால பார்த்துத் தெரிஞ்சிருந்தா போடு, நூறு தடவை போடு" என்றாள் அண்ணி. "ஜெபத்துக்குன்னு சொன்னதை வச்சுப் போடலாமா?"

"நான் வேணும்னு பண்ணல. ஜெபம் பண்ணும்போது அவளுக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் கேட்டேன். பன்னிரண்டு பதினேழுன்னு ஆனதும் அது தானா ஞாபகம் வந்துச்சு. நான் என்ன பண்ணட்டும்? முன்னாடி போடு, முன்னாடி போடுன்னு கத்தினது யாரு? நீங்கதான?"

நான் பாப்பா பக்கம்தான் பேசினேன், மறைக்க என்ன இருக்கிறது? "பெத்த பொண்ணைவிட ஊரான் வீட்டுப் பொண்ணு முட்டி பெருசாப் போச்சா உங்களுக்கு?" என்று கேட்டேன். அண்ணன் கிரீஸ் கையோடு வாசலில் நின்று மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கடைசியில ஸ்கோர் என்ன?" என்றார். யாரும் சொல்லாததால் செருப்போடு உள்ளே வந்தார். விசில் ஊதவில்லை. அப்போதுதான் அவருக்கே விஷயம் பெரிது என்று புரிந்தது.

அன்றிலிருந்து பாப்பா அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினாள். எல்லாம் என் வழியாகத்தான். "அத்தை, அவங்ககிட்ட சொல்லுங்க, சாக்ஸ் இன்னும் காயலைன்னு." அண்ணி இரண்டடி தள்ளி நின்று அந்த சாக்ஸைத்தான் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பாள். "அவகிட்ட சொல்லும்மா, வேற ஜோடி கட்டில் மேல இருக்குன்னு." நான் நடுவில் தபால்காரி. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ரெண்டு பேரும் கடிதாசி எழுதிப் போட்டுக்கோங்க, என் தொண்டை வலிக்குது" என்று கத்தினேன். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அண்ணி ஏணியின் வீட்டுக்குப் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு நீள அறை, அதில் முக்கால்வாசியைத் தையல் இயந்திரம் அடைத்துக்கொண்டிருந்தது. ஏணியின் அம்மா தையல்காரி. எங்களைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. ஏணி கட்டிலில் காலை நீட்டியிருந்தாள். சவ்வு கிழிந்திருக்கிறது, அறுவை சிகிச்சை வேண்டாம், ஆனால் ஆறு மாதம் பந்தைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணி நின்றபடியே, "என்னை மன்னிச்சிடும்மா" என்றாள். ஏணி சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீங்க சொல்லலைன்னா இன்னும் மோசமாகியிருக்கும்னு டாக்டர் சொன்னார்" என்றாள். அதற்குச் சந்தோஷப்பட வேண்டிய அண்ணி அழுதாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விளங்கியது திங்கட்கிழமை. வலையில் ஒரு முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், அதனால் நானும் மைதானத்தில் இருந்தேன். அண்ணி பிள்ளைகளை உட்காரச் சொன்னாள். பாப்பா கடைசியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் அண்ணி. "அன்னிக்கு நேரம் கேட்டப்ப, பட்டாணி என்கிட்ட வந்து, 'டீச்சர், அந்த அக்காவுக்கு முட்டி வலியாம், ஜெபத்துக்குச் சொன்னாங்களாம், அங்கேயே போடலாமா'ன்னு கேட்டா. அப்ப ஸ்கோர் பதினேழு. எனக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சு. எழுந்திருக்கணும்னும் தெரியும். நான் உட்கார்ந்துட்டேன். இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் பார்ப்போம்னு உட்கார்ந்துட்டேன். அந்தக் காலேஜ் ஆளைப் பார்த்தேன், என் பொண்ணைப் பார்த்தேன். அந்த ஒரு பாயிண்ட்லதான் அந்தப் பிள்ளை விழுந்தா."

பட்டாணி விசும்ப ஆரம்பித்தாள். "நீங்க ஒண்ணும் சொல்லல டீச்சர், அதனால சரின்னு நினைச்சுட்டேன்."

"உன் தப்பு இல்லடி கண்ணு. நீ கேட்ட. பெரியவ நான், வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்." அண்ணி கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினாள். "தப்புப் பண்ணினவளை ஆட்டத்துல இருந்து எடுத்தேன். என் பொண்ணுன்னும் பார்க்காம எடுத்தேன்னு பெருமையாக்கூட இருந்துச்சு. என்னை யார் எடுக்கிறது? அதனால நானே எடுத்துக்கறேன். ஒரு மாசம் எனக்கு விசில் கிடையாது. கேப்டன் பயிற்சி நடத்தட்டும். நான் பந்து பொறுக்கிப் போடறேன்."

அந்த ஸ்கோர் ஷீட்டை எழுதியவள் நான். பதினேழும் பதினெட்டும் என் கையெழுத்து. அதற்கு நடுவில் ஒரு ஆள் இப்படித் தவித்துப் போயிருக்கிறாள் என்பது பத்தடி தள்ளி இருந்த எனக்குத் தெரியவில்லை. கோப்பை போயிற்றே என்று அவளை என்னென்ன பேசினேன்! வெட்கமாக இருந்தது, வேறென்ன சொல்ல?

தலைமையாசிரியை கூப்பிட்டு, "பிள்ளைங்க முன்னாடி இதெல்லாம் தேவையா டீச்சர்?" என்று கேட்டார். அண்ணி சிரித்து மழுப்பிவிட்டு வந்தாள். தினமும் மைதானத்தின் ஓரமாக ஓடி ஓடிப் பந்து பொறுக்கினாள். ஐம்பதை நெருங்குகிற உடம்பு, மூச்சு வாங்கும். பாப்பா நடுவில் நின்று பயிற்சி நடத்துவாள். பந்து வெளியே போனால் அம்மாவைப் பார்க்காமலே கையை மட்டும் நீட்டுவாள், அண்ணி அந்தக் கையில் சரியாகப் போடுவாள். வீட்டில் விசில் சமையலறை ஆணியில் தொங்கியது. அண்ணன் செருப்போடு எல்லா அறைக்கும் போய்ப் பார்த்தார். ஊத ஆள் இல்லாததால் அவருக்கே பிடிக்காமல் போய், மூன்றாம் நாள் தானாகக் கழற்ற ஆரம்பித்தார்.

இரண்டு சனிக்கிழமை அண்ணி தனியாகப் போய் ஏணியைப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது சனிக்கிழமை மதியம் பாப்பா என் அறை வாசலில் வந்து நின்றாள். ஷூ போட்டிருந்தாள்.

"அத்தை, ஏணி வீட்டுக்கு வழி தெரியுமா?"

"தெரியும். எதுக்கு?"

"கூட்டிட்டுப் போங்க. எதுக்குன்னு கேட்காதீங்க."

கேட்காமல் கூட்டிப்போனேன். நான் கேட்காமல் இருந்ததே பெரிய விஷயம். வழியெல்லாம் நாக்கு அரித்தது.

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏணி கட்டிலை விட்டு நாற்காலிக்கு வந்திருந்தாள், கால் மட்டும் ஒரு முக்காலி மேல் இருந்தது. பாப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. பாப்பா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். வரும் வழியில் என்னென்னவோ யோசித்துக்கொண்டு வந்திருப்பாள் போல, ஒன்றும் வெளியே வரவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்கிறது. எனக்குப் பதற்றம். நான் ஏதாவது பேசிச் சமாளித்துவிடலாம் என்று ஆரம்பிப்பதற்குள் ஏணி பேசினாள்.

"உங்க டீச்சர் போன வாரம் வந்தப்ப நான் ஒண்ணு கேட்டேன். அந்தச் சீட்டு, நீங்க மட்டும்தான் எடுக்கணுமா, நாங்களும் எடுக்கலாமான்னு. யார் வேணாலும் எடுக்கலாம்னாங்க." ஜன்னலோரத்தில் கிடந்த துணி அளவு எழுதுகிற காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்தாள், அதில் ஏதோ எழுதினாள், எங்களுக்குத் திருப்பிக் காட்டினாள். பாப்பாவின் முழுப்பெயர். "இப்ப நான் கேட்கறேன். உனக்காக என்ன ஜெபிக்கட்டும்?"

தையல் இயந்திரம் நின்றது.

பாப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க அம்மாகிட்ட பேசி இருபத்து நாலு நாள் ஆச்சு. பேசணும். முதல் வார்த்தை என்ன சொல்றதுன்னு தெரியல."

ஏணி கண்ணை மூடினாள். உதடு மட்டும் அசைந்தது. அவள் அம்மா ஊசிக்கு அடியில் துணியைப் பிடித்தபடியே தலையைக் குனிந்துகொண்டாள். நானும் கண்ணை மூடினேன். கைப்பையைத் தேடவில்லை. என்ன கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். பிறகு ஏணியின் அம்மா ஒரு மடக்கு நாற்காலியை விரித்து, "நிக்கறியே, உட்காரு" என்று பாப்பாவின் பக்கம் தள்ளினாள்.

திரும்பி வந்தபோது அண்ணி சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நாங்கள் எங்கே போனோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பாப்பா ஷூவைக் கழற்ற வெளியே நின்ற நேரத்தில், ஈரக் கையோடு என் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டாள்.

"என்ன பேசிக்கிட்டாங்க? பாப்பா என்ன சொன்னா?"

கடவுளே, என் நாக்கின் நுனியில் அப்படியே இருந்தது. உங்ககிட்ட பேசணுமாம் அண்ணி, முதல் வார்த்தை தெரியலையாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அண்ணி அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள், நானும் அழுதிருப்பேன், எல்லாம் என் கையால் நடந்த மாதிரி இருந்திருக்கும்.

"அந்தப் பொண்ணுக்கு வீக்கம் குறைஞ்சிருக்கு அண்ணி" என்றேன். "வேற ஒண்ணும் இல்ல."

அண்ணி தலையை ஆட்டிவிட்டுக் குழாயின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாப்பா உள்ளே வந்தாள். தண்ணீர்ப் பானை பக்கம் போனாள், டம்ளரை எடுத்தாள், குடிக்காமல் திரும்ப வைத்தாள். ஆணியில் தொங்கிய விசிலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"அம்மா" என்றாள். "திங்கட்கிழமை ப்ராக்டீஸ் எத்தனை மணிக்கு?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணி திரும்பவில்லை. அவள் தோள் மட்டும் ஒரு தடவை குலுங்கியது.

"ஆறு மணிக்கு" என்றாள்.

பத்தொன்பது வருடமாக ஆறு மணிதான். அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.